துரை குளிக்காத தொட்டி

லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் நான் வேலை பார்க்கும், வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பங்களா வரும். ஒரு காலத்தில் சுற்றிலும் திராட்சைத் தோட்டம். இப்போது சுற்றிலும் அபார்ட்மெண்ட், பங்களா மட்டும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே நான் கைடு. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் வெளுத்து வாங்குவேன். அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போனவளின் மகள் முன்வாசல் வழியாக ஆட்களை அழைத்துப் போகிறேன் என்ற திமிர் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

போன வருஷம், நான் பேசுவதைக் கேட்கட்டும் என்று அம்மாவைக் கூட்டிப்போனேன். பின்கட்டில் இருக்கும் பெரிய கல்தொட்டிக்கு வந்ததும், 'துரை குளித்த தொட்டி' என்று பலகையில் இருந்ததை வழக்கம்போல அளந்துவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் அம்மா சிரித்துவிட்டாள்.

"இதுல குளிச்சிருந்தா தொரை நீலக் கலர்லதான்டி வெளிய வந்திருப்பாரு."

என் மானமே போயிற்று. கூட்டம் கலைந்ததும் சண்டைக்குப் போனேன். அம்மா அசரவில்லை. திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மருந்தை அதில்தான் கலக்குவார்களாம். நீல நிறச் செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும். கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். அதில் செம்பு படிந்தால் அந்த மருந்துக்கு இலை கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். அந்தப் பதம் பார்க்கிற வேலை அம்மாவுடையது. அவள் சரி என்றால்தான் மருந்து தோட்டத்துக்குள் போகும். இத்தனை காலம் 'தோட்ட வேலை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேனே தவிர, என்ன வேலை என்று ஒரு நாள் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அம்மாவைக் கையோடு பொறுப்பாளரிடம் அழைத்துப் போனேன். பழைய ஆட்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், பலகையை மாற்ற ஆதாரம் வேண்டும் என்றார் அவர். அம்மா அவரைத் தொட்டிக்குக் கூட்டிவந்து, ஹேர்பின்னைக் கழற்றி உள்மூலையைச் சுரண்டினாள். நீலத் தூள் உதிர்ந்தது. பிறகு கன்னடத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள்: குளித்த தண்ணீர் வெளியே போக ஓட்டை எங்கே? அவர் குனிந்து நாலு பக்கமும் தேடினார். இல்லை.

சில மாதம் இழுத்தடித்துப் புதுப் பலகை வந்தது. 'திராட்சைக் கொடிக்கு மருந்து கலக்கிய தொட்டி. பதம் பார்த்தவர்கள் தோட்டத்துப் பெண்கள்.' அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றாள்.

அப்போது சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண், தொட்டியைப் போட்டோ எடுக்க வேண்டும், கொஞ்சம் ஒதுங்குங்கள் ஆன்ட்டி என்றாள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொட்டி விளிம்பில் கையை ஊன்றினாள்.

"ஒதுங்க மாட்டேன்மா. அந்தப் பலகையில எழுதியிருக்கிறது என்னைத்தான்."