இருபத்தாறு வருட வழுக்கையோடு ஜார்ஜ்டவுனுக்கு

கனவில் எனக்கு எப்போதும் முடி இருக்கும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. தலை உச்சி வெறுமையாகி இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆனாலும் கனவில் சீப்பைத் தேடிக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டிருப்பேன். விழித்ததும் கை தானாக மேலே போகும். வழுக்கை விழுந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், தனக்கும் இப்படித்தான் என்பார்.

போன பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போனது இந்தத் தலைக்காகத்தான். நான் ஈப்போவில் ஒரு இடைநிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'போலா', அதாவது பந்து. கேட்டுச் சிரித்துக்கொள்வேன். முந்தின வருடம் என் மனைவி செல்விக்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்தது. மருந்து ஏறிய மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவள் முடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது. "முடிதானே செல்வி, நான் இல்லாம வாழலையா?" என்று சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி திரும்ப வந்தது. முன்பு நேராக இருந்தது இப்போது சுருள்சுருளாக, பாதி வெள்ளையாக. ஒரு நாள் அவள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் அந்தச் சுருளுக்குள் விரலை விட்டு அளைந்தபடி நின்றிருக்கிறேன். "உங்களுக்கும் வேணுமா?" என்று கேட்டாள். யோசிப்பதற்கு முன்பே ஆமாம் என்றுவிட்டேன். அன்று மத்தியானமே ஜார்ஜ்டவுனில் ஒரு முடி மருத்துவரிடம் அவளே நேரம் வாங்கிவிட்டாள். வருவதற்கு முன் இரண்டு வாரத்துக்குத் தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். காதோரத்திலும் பின்தலையிலும் மிச்சமிருக்கும் முடியை நான் வருடக்கணக்காக மழித்தே வந்தவன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஈப்போவில் ரயில் ஏறினோம். பட்டர்வொர்த் போய்ச் சேர இரண்டு மணி நேரம் கூட ஆகவில்லை. நிலையத்திலிருந்து பெர்ரித்துறைக்குக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, பத்து நிமிட நடை. டிக்கெட் ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். பாலம் வழியாகக் காரில் போகலாம்தான், ஆனால் அவசரம் இல்லாதவர்கள் பெர்ரியில் போங்கள். கடல் அன்று பால் கலந்த தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மூட்டத்துக்குள் தீவு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. முதலில் கோம்தார் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது, பிறகு அதற்குக் கீழே ஒவ்வொன்றாகக் கூரைகள். கடந்து முடிக்க இருபது நிமிடம் ஆனது.

துறையிலிருந்து கிளினிக்குக்கு நான்கு கிலோமீட்டர், வாடகைக் காருக்கு ஒன்பது வெள்ளி. ஓட்டுநர் நம்ம ஆள்தான். கண்ணாடியில் என் தலையைப் பார்த்ததும் எதற்குப் போகிறோம் என்று புரிந்துகொண்டார். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் ஒருவர் ஜாதிக்காய் எண்ணெய் காய்ச்சி விற்கிறார், தேய்த்த மூன்றே மாதத்தில் முடி வரும் என்றார். யாருக்காவது வந்து பார்த்தீர்களா என்று செல்வி கேட்டாள். "பார்த்தது இல்ல அக்கா, கேள்விப்பட்டதுதான் லா," என்று சிரித்துவிட்டார். நேர்மையான மனிதர். அந்த எண்ணெய்க்காரரின் போன் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்க என் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மருத்துவர் நாற்பது வயது மதிக்கத்தக்க தமிழ் முஸ்லிம் பெண். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். தலைக்கு எந்த எண்ணெய் தேய்த்தேன், அப்பாவுக்கும் மாமாக்களுக்கும் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொறுமையாக விசாரித்தார். பிறகு பேனா அளவு கேமரா ஒன்றைத் தலையில் வைத்து நகர்த்தினார். எதிரே திரையில் என் உச்சந்தலை பெரிதாக விரிந்தது. வற்றின கடற்கரைச் சேற்றில் நண்டு போன துளைகள் மாதிரி இருந்தது. மண் நிறம், மினுமினுப்பு, அங்கங்கே சின்னச் சின்னக் குழி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏனோ தூக்கம் வருவது போல் இருந்தது. என் தலைதான் அது என்று மனசுக்குப் படவே இல்லை.

ஒரு இடத்தில் கேமராவை நிறுத்தினார். உச்சிக்கும் காதுக்கும் நடுவில் நிறமே இல்லாத பூனை முடிகள் நாலைந்து தெரிந்தன. "அங்கிள், இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கு. ஆனா மறுபடி தடிப்பாகும்னு நான் பிராமிஸ் பண்ண மாட்டேன்," என்றார்.

மற்றதை அவர் விளக்கியபடி என் வார்த்தையில் எழுதுகிறேன். முடியின் வேர் ஒரே நாளில் செத்துப்போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, மெலிந்த முடியை விட்டு, கடைசியில் எதையும் விடாமல் நின்றுபோகிறது. சுருங்க ஆரம்பித்த காலத்தில் தலையில் தடவும் மருந்தும் மாத்திரையும் பலருக்கு உதவும். வழவழவென்று ஆகிப் பல வருடம் போன இடத்தில் அவற்றால் பெரிதாக எதுவும் நடக்காது. பின்தலையிலிருந்து வேரை எடுத்து முன்னால் நடலாம். என் பின்தலையில் இருப்பது முன்நெற்றிக்கு மெல்லிசாகப் போதும், உச்சிக்கு எட்டாது. ஆய்வுக்கூடத்தில் வேரையே வளர்த்தெடுக்கப் பார்க்கிறார்கள், அது நோயாளியின் தலைக்கு வந்து சேரும் நாளை யாராலும் சொல்ல முடியாது. அப்படி வளர்த்துத் தருவதாகச் சொல்லி இப்போதே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள் என்றார்.

கடைசியாகக் கணினியில் என் படத்துக்கு முடி வைத்துக் காட்டினார். திரையில் இருந்தவன் வங்கி மேலாளர் மாதிரி இருந்தான். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி படத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. நடுவதற்கான செலவையும் மருத்துவர் சொன்னார், எங்கள் கார் விலையில் பாதி. இன்றைக்கே பதில் சொல்லக்கூடாது என்று அவரே தடுத்தார். பூனை முடிகளுக்காகத் தடவும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார், குறைந்தது ஆறு மாதம் தடவிப் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு நூற்று இருபது வெள்ளி ஆனது.

வெளியே வந்தபோது பன்னிரண்டரை. சூலியா சாலைப் பக்கம் நாசி கண்டார் சாப்பிட்டோம், குழம்பு வெள்ளமாக ஓடிய சோறு, இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்தாறு வெள்ளி. பிறகு பாடாங் கோத்தா கடற்கரை வரை ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். வெயிலில் இந்த நடை வேண்டாம், குடையோடு போங்கள். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிட்டேன். கடல் சத்தம் தூரத்தில் யாரோ துணியை மடிப்பது போல் கேட்டது. கனவில் நான் பெர்ரியில் நின்றுகொண்டிருந்தேன், தலை நிறைய முடி, கடலிலும் முடி அலையலையாக வளர்ந்து நெல் வயல் மாதிரி சாய்ந்துகொண்டிருந்தது. செல்வி பக்கத்தில் இல்லை. அவளைத் தேடத் தொடங்கியபோது விழிப்பு வந்துவிட்டது. அவள் அதே பெஞ்சில், கால் செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர்க்கரையில் ஜெராய் மலை மூட்டத்திலிருந்து வெளிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தத் தலையணைக் காலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வந்தது. அன்று நான் சொன்னது பொய், முடி இல்லாதது ஒவ்வொரு நாளும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருந்தது, சொந்தக்காரர்களின் கல்யாணப் படங்களில் நான் ஓரமாக நின்றதும் அதனால்தான் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

"பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க," என்றாள். "அதுக்கு நான் கோவப்படல. நீங்களும் என்கூட உட்கார்ந்து அழுதிருக்கலாம். அதுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு."

அன்று விட்டதை இப்போது அழ முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் கண் நிறைந்துவிட்டது. அவள் பார்க்காதது போல் மலையையே பார்த்தாள். மழை தூறத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தோம்.

அன்று இரவு ஜார்ஜ்டவுனிலேயே தங்கினோம். மறுநாள் காலை பத்து மணிக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தேன். புதுக்கோட்டையிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒருவர், துண்டைப் போர்த்திவிட்டு, "எப்படி வெட்டணும் அண்ணே?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. இரண்டு வாரத்தில் ஓரங்களில் வளர்ந்திருந்ததை மழிக்க மனம் வரவில்லை. ஓரத்தை மட்டும் சீராக்கி, மிச்சத்தை அப்படியே விடச் சொன்னேன். அவர் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, நிறைய முடி உள்ளவருக்குச் செய்வது போலவே அக்கறையாகச் செய்தார்.

நான் எழுந்ததும் அந்த நாற்காலியில் செல்வி உட்கார்ந்தாள். மறுபடி வளர்ந்ததிலிருந்து அவள் தன் முடியில் கத்தரி படவே விட்டதில்லை. பின்கழுத்தில் குத்துகிறது என்று புலம்புவாள், வெட்டலாமா என்றால் பேச்சை மாற்றிவிடுவாள். கடைக்காரர் தயங்கி, பெண்களுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சலூன் இருக்கிறதே அக்கா என்றார். இங்கேயே போதும் என்றாள். அவர் கத்தரியைக் கையில் எடுத்தும் தொடாமல் நின்றார். அவள் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"பயப்படாம வெட்டுங்க தம்பி, வளரும்," என்றாள் செல்வி.

சுருள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. என் நரைத்த துணுக்குகள் கிடந்த தரையிலேயே அவையும் விழுந்தன. முடிந்ததும் அவள் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் முப்பது வெள்ளி. மதியப் பெர்ரியில் திரும்பினோம்.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. மருந்தைத் தினமும் தடவுகிறேன். காலை வெளிச்சத்தில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பூனை முடி கொஞ்சம் கறுத்திருக்கிறது என்கிறாள் செல்வி, எனக்குத் தெரியவில்லை. முடி நடுவது பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், ஆசை அப்படியே இருக்கிறது. அதை மறைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

இதே காரியத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறில் பெர்ரி நெரிசலாக இருக்கும், வாரநாளில் போங்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை எழுதி எடுத்துப் போங்கள். வழுக்கை தொடங்கி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள், மருந்து பலிக்க வாய்ப்பு உங்களுக்குத்தான் அதிகம். என்னைப் போல் பல வருடம் ஆனவர்கள், எவ்வளவு முடியும் எவ்வளவு முடியாது என்று நேராகக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். அந்த அறையில் ஆசை உள்ளவன் காதில் பாதிதான் விழும், மீதியைக் கேட்க உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.