கடையடைப்பு நாளில் ஒரு மாட்ச்

கோபாலபுரத்தில் என் பெண் வீட்டுக் கூடத்தில், பேரன் தினசரியை விரித்துப் போட்டுப் புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். முதல் பக்கத்தில் பாதி அரசியல், பாதி கிரிக்கெட். இரண்டின் மேலும் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்த வாடையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் மயிலாப்பூர் குழுவுக்கு இருந்ததே இரண்டு மட்டைகள். அவுட் ஆனவன் திரும்பி வரும் வழியிலேயே அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும். அவற்றுக்கு எண்ணெய் போடுவதில் நான் கெட்டி. ஆட்டத்தில் பத்தாவது ஆள். பதினோராவது ஆளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களில் ஆடத் தெரிந்தவன் சீனு. மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. கம்பெனிக்கும் ஒரு குழு உண்டு. அதில் துரைமார் மட்டும்தான் ஆடலாம். வருஷத்துக்கு ஒரு தரம் எங்களோடு மோதுவார்கள். அவர்களுடைய காப்டன்தான் சீனுவின் மானேஜர். இடைவேளையில் அவர்கள் கூடாரத்தில் மேஜை போட்டுச் சாப்பிடுவார்கள். எங்களுக்குத் தூங்குமூஞ்சி மரத்தடியில் தயிர்சாதம். அதில் தப்பு இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வெயிலுக்குக் கூடாரத்தைவிட மரம் மேல்.

சத்தியாக்கிரகிகள் உப்புக் காய்ச்சிய வருஷத்திலும் அந்த மாட்ச் நடந்தது. முதல் தடவையாக ஜெயிக்கிற நிலையில் இருந்தோம். இன்னும் கொஞ்சம் ஓட்டங்கள்தான் பாக்கி, சீனு நின்று ஆடிக்கொண்டிருந்தான். அப்போது சோடா வண்டிக்கார முனுசாமி மூச்சிரைக்க மரத்தடிக்கு வந்தான்.

“இன்னா நைனா, பந்தாடிக்கினு கீறீங்க? தலைவரைப் புட்சிட்டாங்களாம். மாட வீதில கடயெல்லாம் மூடிக்கினு கீறாங்க. பீச்சாண்ட கூட்டமாம்.”

எங்கள் காப்டன் காதர் பாய், ராயப்பேட்டையில் அத்தர் கடை வைத்திருந்தவர். உடனே எழுந்து நின்றுவிட்டார். ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போவது என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. சீனுவை என்ன செய்வது என்பதுதான் தலைவலி. மானேஜர் கண்ணெதிரே ஹர்த்தாலில் சேர்ந்தால் மறுநாளே வேலை போய்விடும். அவன் அப்பா படுத்த படுக்கை. வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது.

“நிறுத்த வாணாம். ஒவ்வொருத்தரா போய் அவுட் ஆயிட்டு வாங்க, சீக்கிரம் முடியட்டும். சீனு கடைசி வரைக்கும் ஆடினதா இருக்கட்டும். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் பாய்.

ஒருவர் நேராக வந்த பந்துக்கு வழி விட்டு பௌல்டு ஆனார். அடுத்தவர் ஓடக் கிளம்பிப் பாதி வழியில் நின்று ரன் அவுட். பிறகு நான். அவுட் ஆவதற்கு எனக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. ஆனால் சீனு நேராக என்னிடம் வந்தான்.

“என்னடா ஆச்சு உங்களுக்கெல்லாம்? ஜெயிக்கற மாட்சுடா இது.”

எனக்குப் பொய் வரவில்லை. பாயின் திட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சீனு திரும்பிப் போய் நின்றான். அடுத்த பந்து லெக் பக்கம் சொத்தையாக வந்தது. அவன் அதைத் தொடவில்லை. திரும்பி, மட்டையால் தன் ஸ்டம்புகளையே அடித்துச் சாய்த்தான். மானேஜர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் நிற்கவில்லை.

மரத்தடிக்கு வந்து, “எனக்கு மட்டும் ஏன் பாய் தனிப் பந்தி?” என்றான்.

பாய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கால்சட்டையும் இருந்த இரண்டு மட்டைகளுமாக எல்லோரும் கடற்கரைக்கு நடந்தோம். எனக்கு அழுகை வந்தது. வெயில் கண்ணில் குத்துகிறது என்று சமாளித்தேன்.

மறுநாள் சீனுவின் நாற்காலியில் வேறு ஆள். அதற்கப்புறம் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் வடபழனியில் டைப்ரைட்டிங் வகுப்பு வைத்து, ஒருமாதிரி குடும்பத்தைக் கரை சேர்த்தான். வயதான பிறகு ஒருநாள், வருத்தம் உண்டா என்று கேட்டேன்.

“வேலை போனதுக்கு இல்லடா. அந்தப் பந்து. கண்ணை மூடிண்டு அடிச்சிருந்தாலும் நாலு” என்றான்.

அதிலிருந்து எப்போது சந்தித்தாலும் எங்களுக்கு அந்தப் பந்துதான் பேச்சு. ஒவ்வொரு தடவையும் எல்லைக்கோடு கொஞ்சம் கிட்டே வரும்.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். பாய் இல்லை. போன ஐப்பசியில் சீனுவும் போய்விட்டான். அந்தப் பந்தைப் பார்த்தவன் இன்று நான் ஒருவன்தான். அது நாலுதான் என்று நான் சொன்னால், ஆமாம் என்று சொல்ல ஆள் கிடையாது.