மரண விசாரணைக்கு வந்த லொறி முதலாளி

ஒருவருக்குப் பதவி கொடுக்கும் முன்னால் அந்த வேலை அவருக்குத் தெரியுமா என்று சோதிக்க வேண்டுமா, வேண்டாமா என்று ரேடியோவில் பேசுகிறார்கள். படித்தவர்கள் பேசுகிற பேச்சு. நான் அஞ்சாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள். என்னைக் கேட்டால் எங்கள் அக்கா செத்ததைத்தான் சொல்லத் தெரியும்.

அக்காவைத் தோட்டத்துக் கங்காணியின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். அப்பா இல்லாத வீடு என்று அம்மா பொறுத்துப் போகச் சொல்லியிருந்தாள். ஒருநாள் காலையில், பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் பாசியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் ஓடிப் போனபோது மேல் லயத்தில் அவர்கள் வீட்டுக் காம்பராவில் அக்காவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் ஒரு பக்கம் நாலு விரல் தடம், மறுபக்கம் கட்டைவிரல் தடம்.

சீக்கிரம் குளிப்பாட்டச் சொல்லி மாமியார் அவசரப்பட்டாள். அம்மாவும் மறுக்கவில்லை. ஊரே வந்து பார்க்கும்போது பெற்ற பிள்ளையின் கழுத்து அப்படிக் கிடக்கக் கூடாது என்று நினைத்துவிட்டாள். மஞ்சளைக் குழைத்துத் தன் கையாலேயே கனமாகப் பூசினாள். இப்படிச் செத்தால் விசாரணைக்குச் சர்க்கார் ஆள் வருவார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

வந்தவர் டவுனில் லொறி வைத்திருந்த முதலாளி. எலெக்‌ஷனுக்கு லொறி கொடுத்தாராம், ஜெயித்தவர் இந்த விசாரணைப் பதவியை வாங்கிக் கொடுத்தாராம். அவருடைய லொறியை ஓட்டினவன் டெஸ்ட் பாஸ் பண்ணித்தான் லைசன்ஸ் எடுத்தான். நான் மலைக்குப் போன முதல் வாரம், இளசு எது முத்தல் எது என்று தெரியுமா என என் கூடையைப் பிடி பிடியாகக் கொட்டிப் பார்த்தார்கள். முதலாளியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு பொலிஸ் ராலாமியோடு வந்தவர் காம்பராவுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்று, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"முகம் லட்சணமாத்தான் இருக்கு. காயம் ஒண்ணையும் காணோமே."

அம்மா அதுவரை பெரிய மனுஷர் யாரிடமும் நேராகப் பேசியதில்லை. மஞ்சளைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் அசையாததால் சேலைத் தலைப்பை நனைத்து அவளே துடைத்தாள். தடம் கருநீலமாகத் தெரிந்தது.

அவர் விளக்கு கேட்கவில்லை, கிட்டே வரவில்லை. கங்காணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தாலிக்கயிறு இறுக்கியிருக்கு. விழுகையில எங்கயாச்சும் மாட்டியிருக்கும்."

அங்கே நின்ற பொம்பளைகள் எல்லார் கழுத்திலும் அதே நூல்கயிறுதான். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். அக்காவின் கயிறு அறாமல் கிடந்தது.

"கயித்துக்கு அஞ்சு வெரலு இருக்குமாங்கய்யா?" என்று அம்மா கேட்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று கங்காணி சமாளித்தார். முதலாளி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அக்காவுக்கு வேறு ஆம்பளையோடு பழக்கம் இருந்ததா என்று. அதைக் கேட்டுவிட்டு, கங்காணி வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, வழுக்கி விழுந்த சாவு என்று முடித்துப் போய்விட்டார்.

தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வேலை தெரிந்த ஆளாக இருந்தால் பொய் சொல்வதற்காவது கிட்டே வந்து பார்த்திருப்பார். அவரை ஒரு பிணத்தின் முன்னால் நிறுத்தி, எங்கே பார்ப்பாய் என்று கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு சோதனையைக்கூட யாரும் வைக்கவில்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் கங்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா போனால் தங்கச்சியைக் கட்டுவது வழக்கம்தானே என்றார். எனக்குப் பதினாறு வயது. நான் அடுப்படியில் ஒடுங்கி நின்றேன். ஒரு பிள்ளையைக் கொன்றது போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கங்காணி கோபப்படவில்லை. "யாரு கொன்னது, சம்மந்தி? சர்க்கார் ஆளே வந்து பாத்துச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்கு மேல ஒனக்குத் தெரியுமா?"

இனி அப்படிப் பேசினால் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

அந்தத் தையில் என்னை அவனுக்கே கட்டிக் கொடுத்தார்கள்.