அத்தானின் வெள்ளை டப்பா

என் அக்கா புருஷனை ஊரில் எல்லாரும் ஆயிரம் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் சபைப் போதகர் வைத்த பெயர் அது. ஞாயிறு பள்ளி அறைச் சுவரில் ஒரு படம் வரைந்து தரச் சொன்னபோது, "எந்தப் படம் ஐயா? எங்கிட்ட ஆயிரம் இருக்கு" என்றாராம் இவர். "ஒன்னு போதும்பா" என்றார் போதகர். அந்த ஒன்று இன்றுவரை வரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பட்டறையில் அவருக்கு வேலை. அங்கே அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆள் இல்லை. காலையில் கொடுத்த பலகை மாலையில் காய்ந்து வாசலில் நிற்கும். என்ன எழுத வேண்டும் என்பதை அங்கே வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள், அதுதான் காரணம். சொந்தமாக வரைய உட்கார்ந்தால்தான் வினை. பாதி வரைவதற்குள் இன்னொன்று தோன்றிவிடும். காணிக்கை உறையின் பின்புறம், மருந்துச் சீட்டு, பேருந்துச் சீட்டு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் கிறுக்கி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பார். நான் தையல்காரி. ஒருமுறை வெட்டுவதற்காக நான் விரித்து வைத்திருந்த துணியிலேயே சாக்குக்கட்டியால் ஒரு தூதனை வரைந்துவிட்டார். அந்த வாடிக்கைக்காரம்மாவுக்கு நான் பதில் சொன்ன கதை தனிக் கதை.

"ஒன்னை முடிச்சுட்டு அடுத்ததைத் தொட்டா என்ன அத்தான்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எஜமான் குடுத்த ஒரு தாலந்துக் காசைப் பெருக்காம மண்ணுல புதைச்சு வச்சானே, வேதத்துல, அவன் கதை தெரியும்ல? எனக்கு ஆண்டவர் தினமும் குடுத்துக்கிட்டே இருக்காரு. ஒன்னைத் தொடாம விட்டாலும் அது புதைச்ச மாதிரிதானே? அவர் கேட்டா நான் என்ன சொல்றது?"

 ஒவ்வொரு சீட்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அழுது ஜெபிப்பார். அதில் நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் திட்டுவதற்கு எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரி. இருபத்தாறு வருடம் இருநூறு பேருக்குப் பொங்கிப் போட்டவள். தான் சாப்பிடுவது கடைசியில், நின்றுகொண்டே, பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை. அவளுக்கு இதயம் பழுது என்று தெரியவந்தபோது மிகவும் தாமதமாகிவிட்டது. மருத்துவர் என்னை மட்டும் வெளி வராந்தாவுக்கு அழைத்து, "ரெண்டு மாசம் இருந்தா அதிகம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நிம்மதியா வச்சுக்குங்க" என்றார். நான் சிரித்த முகத்தோடு உள்ளே போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "இந்தச் சிரிப்பு உனக்குப் பொருந்தலடி" என்றாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் அத்தானிடம் கேட்டாள். அவள் கட்டிலுக்கு எதிரே வெறும் சுவர், ஒரு நாள்காட்டி ஆணியைத் தவிர ஒன்றும் இல்லை.

"என்னங்க, அந்தச் சுவத்துல எனக்கு ஒரு படம் போட்டுத் தாங்க."

"எது வேணும் சொல்லு. எங்கிட்ட..."

"உங்க ஆயிரம் வேணாம். ஒன்னு போதும். சீஷங்க ராத்திரியெல்லாம் வலை போட்டுட்டுக் களைச்சுப்போய்க் கரைக்கு வரும்போது, ஆண்டவரே நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, ரொட்டியும் வச்சுக்கிட்டு, சாப்பிட வாங்கன்னு கூப்பிடுவாரே, அது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு யாருமே சமைச்சு வச்சுட்டுக் கூப்பிட்டதில்லைங்க. ஒரு தடவையாவது பாத்துட்டுப் போறேன்."

அத்தான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் தலையணையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாளே ஆரம்பித்தார். பட்டறையில் விடுப்பு சொல்லிவிட்டு, படகிலிருந்து பார்ப்பதுபோல் தூரத்துக் கரையும் மெல்லிய புகையுமாகக் கோடு போட்டார். அக்காவுக்குப் பிடித்திருந்தது. ஐந்தாம் நாள் நான் போனபோது சுவர் வெள்ளையாக இருந்தது. கதவருகே வெள்ளைப் பெயின்ட் டப்பா.

"இதைவிட நல்லது ஒன்னு வந்துருச்சு" என்றார். மீனைத் திருப்பிப் போடும் கைகள் மட்டும், சுவர் முழுக்க. அதுவும் ஒரு வாரம். பிறகு வலை, அதற்குள் வேதத்தில் சொன்ன கணக்குப்படி நூற்றைம்பத்துமூன்று மீன், ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல். நாற்பது மீன் வரைந்தார். மறுபடி வெள்ளை. பெயின்ட் வாடைக்கு அக்காவுக்கு இருமல் வரும். ஒவ்வொரு முறையும் நாங்கள் அவளைக் கட்டிலோடு தூக்கிக் கூடத்தில் போட்டோம். நான்காவதும் அப்படியே போனது.

"முதல்ல போட்டதே நல்லா இருந்துச்சே" என்றாள் அக்கா, குற்றம் சொல்லாமல்.

"உனக்குப் போடறதும்மா. அரைகுறையா எப்படிக் குடுப்பேன்?"

"புதைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, இந்தச் சுவத்துக்குள்ள எத்தனை புதைச்சிருக்கீங்கன்னு பாருங்க" என்று நான் கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் ஏழு வாரம் ஓடியிருந்தது, அக்காவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன, எனக்குப் பொறுக்க முடியவில்லை.

ஐந்தாவதாக வந்ததுதான் படம். சுவருக்கு முதலில் மண் நிறம் பூசிக்கொண்டு அதன்மேல் எழுப்பினார். ஆண்டவர் மண்டியிட்டுக் குனிந்து கனலை ஊதுகிறார், பாதி முகம்தான் தெரிகிறது. நெருப்பைச் சுற்றிச் சீஷர்கள். அவருக்குப் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் காலி, மணலில் யாரோ உட்காரக் கையால் சமன் செய்த தடம்.

அக்கா வெகு நேரம் பார்த்தாள். "அது யாருக்குங்க?"

"வேற யாருக்கு?"

"இதை அழிச்சுடாதீங்க."

"அழிக்க மாட்டேன்" என்றார். சொல்லும்போதே அவர் சட்டைப் பையில் புதிதாக ஒரு சீட்டு நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அன்று மாலை அவர் முகம் கழுவப் போன நேரத்தில், வெள்ளை டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டில் தையல் மெஷினுக்குக் கீழே வைத்துவிட்டேன். அழிப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் எப்படி அழிப்பார் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

என் யோசனை பலித்தது. இரண்டு நாள் அந்த மனிதர் தலை நிமிரவில்லை. கனல் சிவந்தது, மீனின் தோல் கருகியது, சீஷர்களின் ஈர உடைகூட நீலமும் பழுப்புமாக முடிந்துவிட்டது. அக்கா கட்டிலில் இருந்தே, "மீனைத் திருப்பச் சொல்லுங்க, தீயுது" என்று கேலி செய்தாள்.

மூன்றாம் நாள் மதியம் அத்தான் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றி வந்தார். "வெள்ளையைப் பாத்தியா?"

"தீர்ந்துருக்கும்" என்றேன்.

"இல்லையே, பாதி இருந்துச்சே. கொஞ்சம்தான் வேணும்."

உங்கள் கொஞ்சம் எனக்குத் தெரியாதா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் கடை மூடியிருந்தது. "பஸ் பிடிச்சுப் போயி வாங்கிட்டு வந்துடறேன், பாத்துக்க" என்று அக்காவின் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகுதான் அக்கா சொன்னாள். "எல்லாருக்கும் துணி போட்டாச்சு. அவருக்கு மட்டும் இன்னும் சட்டை போடலையேடி. விடியக்காலக் குளிர்ல வெறும் உடம்போட எனக்கு அடுப்பு ஊதுறாரு பாரு."

திரும்பிப் பார்த்தேன். ஆண்டவரின் தோளிலிருந்து முழங்கால் வரை வெறும் மண் நிறம். வெள்ளை எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் சட்டை தைக்கிறவளுக்கு அது கண்ணில் படவில்லை.

"அஞ்சே நிமிஷம்க்கா. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"எதை?"

"அவர் சட்டையைத்தான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அளவெடுத்தியா?" என்றாள்.

நான் ஓடினேன். பூட்டைத் திறக்கச் சாவி கைக்கு வரவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு, மூடி கழன்று புடவையெல்லாம் வெள்ளை வழிய, திரும்பி வந்தேன். அக்காவின் கண் சுவரைப் பார்த்தபடி திறந்திருந்தது. கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். பக்கத்தில் ஒருத்தர்கூட இல்லாமல் போய்விட்டாள் என் அக்கா.

அரை மணி கழித்து அத்தான் புது டப்பாவோடு வந்தார். கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் புடவையையும், தரையில் இருந்த பழைய டப்பாவையும் பார்த்தார். கையிலிருந்ததை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் நான் அந்த அறைக்குள் போகவில்லை. சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் அவரே உள்ளே கூப்பிட்டார்.

"நீ ஒளிச்சு வச்சது சரிதான். கையில இருந்திருந்தா அன்னைக்கே அழிச்சிருப்பேன்."

"சட்டைக்குத்தானே அத்தான் தேடினீங்க?"

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார். உண்மையைத்தான் சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று அவர் சட்டைப் பையில் இருந்த சீட்டில் என்ன இருந்தது என்றும் நான் கேட்டதில்லை. தகரப் பெட்டி மூலையில் கிடந்தது, மேலே தூசி படிந்து.

என் டப்பாவைத்தான் எடுத்தார். குச்சியால் கலக்கி, என் கையில் பிடிக்கக் கொடுத்தார். தோளில் ஆரம்பித்து, கைமடிப்பு, இடுப்பு, மண்டியிட்ட முழங்காலில் துணி மடியும் இடம் என்று இறங்கி வந்தார். நடுவில் ஒரு தடவைகூடத் தூரிகையை நிறுத்தி யோசிக்கவில்லை. நான் டப்பாவைப் பிடித்தபடி, அக்காவின் காலிக் கட்டிலுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சட்டை முடிய இருபது நிமிடம் ஆனது.