கதவுக்கு வெளியே நான், உள்ளே அவர்

கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்த என் கணவர் எத்தனை முறை கூப்பிட்டும் பதில் தரவில்லை. முருகனை நம்புகிறவர்கள் முன் இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கந்த சஷ்டி முடிந்த மறுவாரம் அது. மகள் கவிதாவுக்கு அன்று பல்கலைக்கழக நுழைவுக்கான ஏ லெவல் கணக்குப் பரீட்சை. அவள் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சிங்கப்பூர் தேக்கா பக்கம் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ரயிலிலிருந்து கணவருக்கு அழைத்தேன். அவருக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னார். சாப்பிட்டாரா என்று கேட்டால் நாக்குக் குழறியது. பிறகு போனையே எடுக்கவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது.

குவீன்ஸ்டவுன் வீட்டு வாசலுக்கு ஓடி வந்து, கதவின் டிஜிட்டல் பூட்டில் வழக்கமான நான்கு இலக்க எண்ணை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முறை அழுத்தியும் சிவப்புதான். அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் பேட்டரி தீர்ந்துபோய், கவிதா அதை மாற்றிப் புது எண் வைத்திருந்தாள். மெசேஜ் அனுப்புகிறேன் என்றவள் பரீட்சைப் பதற்றத்தில் மறந்துவிட்டாள். இப்போது பரீட்சைக் கூடத்தில் இருக்கிறாள், போன் அணைந்திருக்கும். ஐந்து முறை தப்பாக அழுத்தினால் பூட்டு சிறிது நேரத்துக்கு எதையும் ஏற்காது. எனக்கு மிச்சம் இரண்டே முறை.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஆம்புலன்ஸுக்கு அழைத்தார். நான் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். கோயிலில் எவ்வளவோ கேட்டிருந்தேன். இப்போது, "முருகா, அவரைக் காப்பாத்து" என்பதைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை.

தலையைத் தூக்கினேன். பக்கவாட்டில் விழுந்த வெயிலில், பூட்டின் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விபூதி! காலையில் கிளம்பும்போது, நெற்றியில் இட்டுக்கொண்ட விரலாலேயே மகள் புது எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். நான்கு எண் கட்டங்களில் தடம். நல்லவேளை, நான் அழுத்திய பழைய எண்ணின் கட்டங்கள் வேறு.

ஆனால் எதை முதலில் அழுத்துவது, எதைக் கடைசியில்? கவிதா படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் நான். பகுதிப் பின்னம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இது மட்டும் பிடிபட்டிருந்தது: முதல் இடத்துக்கு நான்கு வழி, அடுத்ததற்கு மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. பெருக்கினால் இருபத்துநான்கு. அதில் எதை அழுத்துவேன்?

மறுபடி உற்றுப் பார்த்தேன். ஏழில் விபூதி அப்பிக் கிடந்தது. நான்கில் பேருக்குத்தான் இருந்தது. தொடத் தொட விரலில் இருப்பது குறையும் அல்லவா? அப்படியென்றால் ஏழு முதலில், நான்கு கடைசியில். நடுவில் ஐந்தும் ஒன்பதும் ஒரே மாதிரி இருந்தன. இருபத்துநான்கு வழி இரண்டாகிவிட்டது.

ஏழு, ஐந்து, ஒன்பது, நான்கு. சிவப்பு.

முருகா என்று சொல்லிக்கொண்டே ஏழு, ஒன்பது, ஐந்து, நான்கு. கதவு திறந்தது.

சோபாவுக்குக் கீழே வியர்வையில் நனைந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது, விழுங்க முடிந்தது. அக்கா ஓடிப்போய்ச் சிராப் சர்பத் கலக்கி வர, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வரும்போது கணவர் என்னைப் பார்த்து, "ஏன் அழுவுற?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ!

மாலையில் மருத்துவமனைக்கு ஓடி வந்த கவிதா அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்ட எனக்கு மனம் வரவில்லை. பரீட்சையைப் பற்றியும் நான் கேட்கவில்லை. அவளாகத்தான், "பேப்பர் கஷ்டம்லா, ம்மா" என்றாள். போகட்டும் என்றேன். அப்படிச் சொல்லக்கூடியவளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போதெல்லாம் தட்டில் சாப்பாடு வந்த பிறகுதான் அவருக்கு ஊசி. மதிப்பெண்ணுக்காகவே விளக்கேற்றிக்கொண்டிருந்தவள், அவர் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்துவிட்டு நன்றியோடு ஏற்றுகிறேன்.

உங்களுக்கும் ஏதாவது ஒரு கதவு அடைத்திருக்கலாம். முருகனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே பாருங்கள். நாம் கேட்கும் முன்பே அவன் வைத்துவிட்டுப் போன தடம் அங்கே இருக்கும்.