வீரம்மா மேல் நின்ற அம்பு

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. பேய் மரத்தடியில்தான் நிற்கும் என்பவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம். 1988, மலேசியாவில் ஈப்போ. சிலிபின் வட்டாரத்துப் பத்துமலை என்பவன் இன்றைக்கும் கம்ப்யூட்டர் மௌஸைத் தொடும் முன் ஒரு நொடி தயங்குவான்.

கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை மூடினார்கள். பத்துமலை பிறந்த தோட்டம்தான். ஆட்களுக்கு வீடு ஒதுக்கும் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவனுக்கு. மௌஸை நகர்த்தி, திரையில் இருக்கும் அம்பை ஒரு பெயர்மேல் வைத்தால் போதும், அழுத்தவே வேண்டாம். பெயர் பளிச்சிடும், கீழே வீட்டு எண் வரும். பழைய கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டது. வேறு கம்பெனியிலிருந்து வந்த புதியதோ கல்லுளிமங்கன் மாதிரி சும்மா இருந்தது. ஐந்து மணிக்கு மேனேஜர் பார்க்க வருகிறார். ஓடாவிட்டால் பத்துமலைக்கு வேலை போய்விடும்.

பிற்பகல் 3.10. வெளியே மழை. பெயர்களைத் தட்டச்சு செய்த ஃபரீதா எதிர் மேசையில் இருந்தாள்.

3.17. ப்ரோகிராமில் ஒரு வரியைத் திருத்தினான்.

டக்.

புதிய கம்ப்யூட்டரில் ஒரு பெயர் பளிச்சிட்டது. வீரம்மா.

அப்பாடா என்றிருந்தது. அம்பை விலக்கினான். பெயர் அணையவில்லை... கீழே வீட்டு எண்ணுக்குப் பதில் 5.30 என்றிருந்தது.

"ஃபரீதா, வீரம்மாவுக்கு என்ன நம்பர் அடிச்சே?"

"அப்படி ஒரு பேரே நான் அடிக்கலையே, அண்ணே."

மௌஸ் ஒயரைப் பிடுங்கினான்.

அம்பு தானாகத் திரும்பி வந்தது. வீரம்மா மேல் நின்றது.

டக்... டக்...

பழைய கம்ப்யூட்டரிலும் அதே பெயர். அதே 5.30.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கிராணி என்கிற குமாஸ்தா பெயர் கூப்பிடுவார். வராத ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவதும் உண்டு. பயத்தில் அவன் வாயில் அதுதான் வந்தது.

"இருக்கேன்லா!"

அணைந்தது. பட்டியலில் வீரம்மா என்ற பெயரே இல்லை. அதன்பின் அம்பு போன இடமெல்லாம் ஒழுங்காகப் பளிச்சிட்டது, இரண்டு கம்ப்யூட்டரிலும். மேனேஜர் தட்டிக்கொடுத்தார். வேலை தப்பியது.

வீட்டுக்குப் போய் அம்மா நல்லம்மாளிடம் நடந்ததையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"வீரம்மா என் கூட்டாளிடா. நீ கைப்புள்ள அப்போ. ஒருநாள் அவ அஞ்சரைப் பெரட்டுக்கு வரலே. தூங்கிட்டான்னு நெனச்சு, நான்தான் அவளுக்காக 'இருக்கேன்'னேன். ஆளு வந்தாச்சுன்னு யாரும் தேடலே... பாம்பு கடிச்சு வழியிலே பள்ளத்துல கெடந்துருக்கா. மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்துச்சாம்."

அவன் கையைப் பிடித்தாள்.

"இந்தத் தடவையாச்சும் தேடுவாங்கன்னு வந்துருக்கா... நீயும் 'இருக்கேன்'னுட்டியேடா."