மாம்பழக் கை

ஊரே கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துகொண்டிருந்த கொரோனா நாட்களில், கை கழுவாமல் மனைவியை ஆபத்தில் தள்ளப் பார்த்த மேதை நான்.

போன வாரம் அது ஞாபகத்துக்கு வந்தது. சீசனின் முதல் பங்கனப்பள்ளியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். "பழத்தை வெச்சுட்டு, என் மீட்டர் பக்கம் வராம இருங்க" என்றாள் சுமதி. இத்தனை வருஷமாகியும் மறக்கவில்லை... எப்படி மறப்பாள்?

சுமதிக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறாள். ஊரடங்கில் லேப் மூடிக் கிடந்தது. டாக்டர் போனில் மட்டும். உடனே ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, என்னை நானே வீட்டு லேப் டெக்னீஷியனாக நியமித்துக்கொண்டேன். நாலு புத்தகம் படித்தவன் — ஒரு விரலைக் குத்தத் தெரியாதா?

ஒரு நாள் காலை அவள் விரலைக் குத்தி அமுக்கினேன். மீட்டர் நானூறைத் தாண்டியது. சோற்றைக் குறைத்து, மொட்டை மாடியில் தினமும் நடக்கிறவளுக்கு நானூறா? இன்சுலினை ஏற்றிப் போடு என்று பதறினேன். பெரிய ஆஸ்பத்திரி முழுக்க கொரோனா வார்டு. அங்கே போகிற நிலைமை வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். தாகமில்லை, நாக்கு வறளவில்லை, ராத்திரி சாப்பாடும் வழக்கம்போலத்தான் என்று நிதானமாக யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"என்னங்க, மாம்பழம் நறுக்கினீங்களா?"

நறுக்கினேன். சாப்பிட்டும் முடித்திருந்தேன்.

இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கழுவினோம். இந்த முறை அவளே குத்திக்கொண்டாள். நூற்றி முப்பது! மீட்டர் முதலில் அளந்தது, என் விரலிலிருந்து அவள் விரலுக்குப் போன பழச்சாற்றை. நான் சொன்னபடி ஏற்றிப் போட்டிருந்தால்? சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அவள் மயங்கி, அதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருப்போம்.

அன்றே எனக்கு டிஸ்மிஸ்.

அதன்பிறகு எல்லாம் அவளே. மருந்து தீருவதற்கு முன்பே கடைக்குச் சொல்லி வைப்பாள். படகு கடலுக்குப் போகாமல் வைத்திக்குப்பத்து மீன் நின்றபோது, முட்டையும் சுண்டலுமாகச் சமாளித்தாள். அடுத்த வீட்டு சொல்தா — பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், யார் பேச்சையும் கேட்காதவர் — மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன் சுகரைச் சொல்லி, "இப்ப நடக்கலாமாம்மா, சாப்பிட்டுட்டு நடக்கணுமா?" என்று அவளிடம் கேட்பார். எங்கள் உப்பளம் பேட்டையில், பத்திரிகையில் நான் எழுதும் பத்தியைப் படிப்பவர்களைவிட அவள் பேச்சைக் கேட்டவர்கள் அதிகம். பொறாமையா? கொஞ்சம். பெருமைதான் நிறைய.

ஊரடங்கு தளர்ந்ததும் டாக்டரிடம் போனோம். மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிட்டு, இப்படியொரு ரிப்போர்ட்டைப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாம்பழக் கதையை முழுசாக, அவள் மோந்து பார்த்தது உட்பட, நடித்தே காட்டினேன்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் சரி சார்... அந்தப் பழத்தைச் சாப்பிட்ட உங்களுக்கு சுகர் எவ்வளவு?"